டேபிள்: ஒரு சொல், எதிரெதிரான இரண்டு பொருள்

நான் மொழிபெயர்ப்பு வேலை செய்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் இணையவழிக் கூட்டம் ஒன்றில் நடந்தது இது. கூட்டத்தில் பாதிப் பேர் அமெரிக்கர்கள். நான் தயாரித்த கலைச்சொல் பட்டியலைப் பற்றிப் பேச்சு வந்ததும், தலைமை தாங்கியவர் அதை 'டேபிள்' செய்துவிடலாம் என்றார். சரி, இப்போதே எடுக்கப்போகிறார்கள் என்று கோப்பைத் திறந்து வைத்துக் காத்திருந்தேன். பட்டியலைப் பற்றி அதன்பின் ஒரு வார்த்தைகூட வராமல் கூட்டம் முடிந்துவிட்டது.

எனக்கு மிகவும் வருத்தமாக இருந்தது. இரண்டு நாள் கழித்து அவரிடமே கேட்டேன். அமெரிக்க வழக்கில் ஒரு விஷயத்தை 'டேபிள்' செய்தால் அதை ஒத்திவைக்கிறார்கள் என்று பொருளாம். பிரிட்டன் வழக்கிலோ விவாதத்துக்கு முன்வைக்கிறார்கள் என்று பொருள். நான் படித்துப் பழகியது பிரிட்டன் வழக்கு.

இதே சொல்லால் இரண்டாம் உலகப் போரின்போதும் குழப்பம் வந்ததைச் சர்ச்சில் தன் போர் நினைவுகளில் எழுதியிருக்கிறார். ஓர் அவசர ஆவணத்தை 'டேபிள்' செய்ய வேண்டும் என்றது பிரிட்டன் தரப்பு. கூடாது என்றது அமெரிக்கத் தரப்பு. இரு தரப்பும் விரும்பியது ஒன்றைத்தான் என்பது நீண்ட வாக்குவாதத்துக்குப் பிறகே தெரியவந்தது.

அப்புறம் இந்தச் சொல்லை விடாமல் கவனிக்க ஆரம்பித்தேன். லத்தீனில் 'டாபுலா' என்றால் பலகை. உண்பதற்கும் பலகை, எண்களைக் கட்டம் கட்டி எழுதுவதற்கும் பலகை. அதனால்தான் ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே பெயர். தமிழில் நமக்கு மேசை வேறு, அட்டவணை வேறு, வாய்ப்பாடு வேறு. (மேசையும் போர்ச்சுகீசியர் தந்த சொல்தான்.) இந்தப் பிரிவு எனக்கு மிகவும் பிடிக்கும், தமிழில் படிப்பவருக்குக் குழப்பமே வராது.

மொழிபெயர்ப்பவருக்குத்தான் ஆபத்து. 'வாட்டர் டேபிள்' என்பதை 'நீர் அட்டவணை' என்று ஒருவர் எழுதியதைத் திருத்தியிருக்கிறேன். நிலத்துக்கு அடியில் மண்ணும் பாறையும் முழுக்க நீரில் ஊறியிருக்கும் பகுதியின் மேல் எல்லை அது. நிலத்தடி நீர்மட்டம் என்று எல்லோரும் சொல்வது அதைத்தான்.

என் பட்டியலை அடுத்த மாதம் எடுத்துக்கொண்டார்கள். அதற்குள் 'டேபிள்' என்ற சொல்லுக்கு எதிரே இரண்டு வரிகள் சேர்த்திருந்தேன்: பிரிட்டன் வழக்கில் முன்வைத்தல், அமெரிக்க வழக்கில் ஒத்திவைத்தல்.