இத்தாலிய உணவகத்தில் அம்மாவுக்கு என்ன ஆர்டர் செய்வது?

ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு இத்தாலிய உணவகத்துக்குப் போகிறோம். நான்கு வயது மகனுக்கு வெண்ணெய் போட்ட வெறும் பாஸ்தா போதும். அம்மாதான் சுத்த சைவம், முட்டையும் ஆகாது. போன முறை வேறொரு இடத்தில் 'வெஜ்தான்' என்று கொண்டுவந்த மினஸ்ட்ரோனி சூப்பில் குட்டியாக ஓர் இறைச்சித் துண்டு மிதந்தது. அம்மா ஸ்பூனை அப்படியே கீழே வைத்துவிட்டார். நான் அசடு வழிந்ததுதான் மிச்சம்!

பார்மஜானோ சீஸில் பாலை உறைய வைக்க, கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னெட் உண்டு. பெஸ்டோ என்ற பச்சை இலைச் சாஸிலும் அந்தச் சீஸ்தான் வழக்கம். புதிதாகப் பிசைந்து செய்யும் பாஸ்தாவில் பெரும்பாலும் முட்டை. மரினாரா பீட்சாவில் சீஸே கிடையாது. தக்காளி, பூண்டு, ஓரிகானோ, ஆலிவ் எண்ணெய்தான். அதையே சொல்லிவிடலாமா? ரிசோட்டோ என்ற அரிசி உணவைக் காய்கறிச் சாற்றில் வேகவைக்கிறார்களா, இறைச்சிச் சாற்றிலா என்று பரிமாறுபவரிடம் கேட்டால் சரியாகச் சொல்வார்களா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்களேன்.