நிலவுக்கு போகஸ் பிடித்த கதைகள் - திருகோணமலைக்காரர் சொல்லுங்கோ

உப்புவெளிப் பெடியன்:
போன போயாவுக்கு, அதாவது பூரணைக்கு, உப்புவெளிக் கரையில் எடுத்தது. கெனன் 1500டி கமரா, 55-250 மில்லிமீற்றர் சூம் லென்ஸ், 250இல் வைத்து. ஓட்டோ போகஸ் என்ன கூத்தாடும் என்று உங்களுக்குத் தெரியும், முன்னுக்கும் பின்னுக்கும் ஓடிக் கடைசியில் எங்கேயோ போய் நிற்கும். அதை நிறுத்திவிட்டு, லைவ் வியூவில், அதாவது பின்திரையில் நேரடியாகப் பார்த்து, 10 மடங்கு பெருப்பித்து, போகஸ் வளையத்தைக் கையால் திருப்பித்தான் பிடித்தேன். நிலவின் டைக்கோ பள்ளத்திலிருந்து கிளம்பும் வெள்ளைக் கோடுகள் வரைக்கும் தெரிந்தன. இரண்டு செக்கன் டைமர். அதற்குப் பிறகு வளையத்தில் கை வைக்கவே இல்லை.

வீட்டுக்கு வந்து கணினியில் போட்டுப் பார்த்தால் ஒரே ஒரு படம்தான் ஓரமெல்லாம் நறுக்கென்று இருக்கிறது. அதற்கு முதல் எடுத்தது மங்கல், அடுத்து எடுத்ததும் மங்கல். லென்ஸ் துவாரம் அதே எஃப் 8, ஷட்டர் அதே 1/250 செக்கன், ஒளியுணர்வு அதே ஐஎஸ்ஓ 200.

பக்கத்தில் வலை சிக்கெடுத்துக்கொண்டிருந்த ஐயா ஒருவர், கமராத் திரையில் பெரிதாகத் தெரிந்த நிலவை எட்டிப் பார்த்துவிட்டு, "தம்பி, இதென்ன நிலவு கொதிக்குது?" என்று கேட்டார். நான் சிரித்துவிட்டு விட்டேன். இப்போது அந்த ஒற்றைப் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் அவர் கேட்டதுதான் ஞாபகம் வருகிறது. வேறு யாருக்கும் இப்படி நடந்ததா?

கிண்ணியாப் பாலத்தடி:
கொதித்தது இருக்கட்டும், ஆடியதா என்று பார்த்தீரா? நான் கிண்ணியாப் பாலத்தில் நின்று எடுத்தவன். இரண்டு பக்கமும் தண்ணீர், மறைப்பு ஒன்றும் இல்லை, இதைவிட நல்ல இடம் எங்கே என்றுதான் போனது. போகஸ் கச்சிதமாகப் பிடித்தாயிற்று. திரையில் பெருப்பித்துப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன், நிலவு மெல்ல நடுங்கத் தொடங்குகிறது. காற்றும் இல்லை, நான் ட்ரைபொடைத் தொடவும் இல்லை. கொஞ்சம் பொறுத்துத்தான் பின்னால் பஸ்ஸின் வெளிச்சம் விழுந்தது. பாலத்தின் அந்தத் தொங்கலில் பஸ் ஏறினது எனக்கு முதல் நிலவுக்குத் தெரிந்துவிட்டது! பஸ் தாண்டிப் போன பிறகும் நடுக்கம் உடனே நிற்கவில்லை.

இறங்கி வந்து மண்ணில் ட்ரைபொடை ஊன்றி, வளையத்தைத் தொடாமல் எடுத்த படம் நல்லாகவே வந்தது. போகஸ் பிழை என்று நாங்கள் நினைப்பதில் பாதி ஆட்டம்தான் என்பேன்.

சீனக்குடா அங்கிள்:
தம்பிமாரே, பாலத்தடித் தம்பியின் கணக்கு மண்ணில் நின்று 1/250இல் எடுத்தவருக்குப் பொருந்தாது. வலைக்கார ஐயா சொன்னதுதான் காரணம். அடிவானத்தில் நிற்கும் நிலவின் வெளிச்சம், உச்சியில் நிற்கும் நிலவின் வெளிச்சத்தைவிட முப்பது மடங்குக்கு மேலான காற்றைத் துளைத்து வருகிறது. பகலெல்லாம் காய்ந்த மணல், அதற்கு மேலே கடலின் ஈரக்காற்று. ஓடுகிற தண்ணிக்கு அடியில் கிடக்கும் காசைப் பார்க்கிற மாதிரி. ஒரு கணம் தண்ணி அடங்கும், அந்தக் கணத்தில் ஷட்டர் விழுந்தால் உமக்கு அதிர்ஷ்டம். கிரகங்களைப் படம் பிடிக்கிறவர்கள் இதற்காகவே நூற்றுக்கணக்கில் எடுத்து, நல்லதைப் பொறுக்கி ஒன்றாக அடுக்குவார்கள். ஓட்டோஸ்டாக்கர்ட் என்ற இலவச மென்பொருள் அதற்கென்றே இருக்கிறது.

என் அனுபவம் சின்னது. நிலாவெளியில் ஏசி அறையிலிருந்து கமராவை நேரே கரைக்குக் கொண்டுவந்தேன், நிலவைச் சுற்றி அழகான பரிவட்டம். மேலே பார்த்தால் வானத்தில் அப்படி ஒன்றும் இல்லை! முன் கண்ணாடியில் ஈரம் படிந்திருந்தது. கமராவைப் பையோடு ஒரு அரை மணித்தியாலம் வெளியே வைத்துவிட்டுத்தான் திறக்க வேண்டும்.

சரி, வந்ததற்குச் சொல்லிவிட்டுப் போகிறேன். முதலில், போயா அன்று எடுக்காதீர்கள். பூரண நிலவில் சூரிய வெளிச்சம் நேராக விழுவதால் பள்ளங்களுக்கு நிழல் இல்லை, போகஸ் பிடிக்கப் பிடிமானமும் இல்லை. அட்டமி வாக்கில் பாருங்கள், வெளிச்சமும் இருட்டும் சந்திக்கும் கோட்டில் ஒவ்வொரு பள்ளமும் நிழலோடு எழும்பி நிற்கும். அந்தக் கோட்டின் மேல் வைத்து வளையத்தைத் திருப்புங்கள், தெளிவு வந்து தாண்டிப் போவது கண்ணுக்கே தெரியும். தாண்டிப் போகவிட்டுத் திரும்பி வாருங்கள், அப்போதுதான் நடு எது என்று பிடிபடும். லென்ஸில் முடிவிலிக் குறி போட்டிருந்தால் அதை நம்பி வளையத்தைத் தொங்கல் மட்டும் திருப்பாதீர்கள். ஓட்டோ போகஸ் லென்ஸ்கள் முடிவிலிக்கு அப்பாலும் திரும்பும், அங்கே எல்லாமே மங்கல்தான்.

அடுத்தது வெளிச்ச அளவு. கமராவின் தானியங்கிக் கணக்கு கறுப்பு வானத்தைப் பார்த்துவிட்டு நிலவை வெள்ளைத் தட்டாக்கிவிடும், ஆட்கள் அதைப் போகஸ் பிழை என்பார்கள். நிலவில் இருப்பது பகல் வெயில். எஃப் 11 வைத்தால் ஷட்டர் வேகம் ஐஎஸ்ஓ அளவு, அதாவது ஐஎஸ்ஓ 100க்கு 1/100 அல்லது 1/125. இது உயரத்தில் நிற்கும் பூரண நிலவுக்கு, அரை நிலவுக்கு இன்னும் மெதுவாக வேண்டும். ட்ரைபொடில் வைத்ததும் லென்ஸின் ஆட்டம் தடுக்கும் சுவிட்சை நிறுத்துங்கள். மலிவான யூவி கண்ணாடி போட்டிருந்தால் கழற்றுங்கள், அது படத்தில் இரண்டாவது நிலவொன்றைப் போட்டுத் தரும். எவ்வளவு பெரிதாக வரும் என்றும் கேட்பீர்கள். லென்ஸின் மில்லிமீற்றரை 110ஆல் பிரியுங்கள். 250க்குச் சென்சரில், அதாவது கமராவுக்குள் படம் பதியும் தகட்டில், விழும் நிலவு 2.3 மில்லிமீற்றர்தான். சுவரில் மாட்டும் அளவுக்கு ஆசைப்பட்டால் தொலைநோக்கியோடு பொருத்த வேண்டும், அது வேறு கதை, கேட்டால் சொல்கிறேன்.

கோட்டைவாசல்:
அங்கிள், வகுப்புக்கு நன்றி, ஆனால் தம்பி கேட்டது வேறு.

போயா வேண்டாம் என்பதை நான் ஏற்கமாட்டேன். நிலவை மட்டும் கறுப்பு வானத்தில் எடுக்கிறவர்களுக்கு அட்டமி சரி. கோணேசர் மலையோடு சேர்த்து எடுக்க விரும்புகிறவர் என்ன செய்வது? அட்டமி நிலவு பொழுதுபடும்போது உச்சியில் நிற்கும், மலை கீழே கிடக்கும். பூரணைதான் பொழுதுபடுகிற நேரத்தில் கிழக்கே எழும்பும். போயாவுக்கு முதல் நாள் இன்னும் நல்லது, முக்கால் மணித்தியாலத்துக்கு மேல் முந்தியே வரும், மலையிலும் வெளிச்சம் இருக்கும். திருக்கடலூர்க் கரையில் நின்று கிழக்கே பாருங்கள். நிலவு எழும்பும் இடம் மாதத்துக்கு மாதம் வடக்கும் தெற்குமாக நகரும், அதனால் கரையில் நாங்களும்தான் நகர வேண்டும். போகஸுக்குப் பயப்படவே தேவையில்லை. 250இல் எஃப் 8 வைத்தால் அரைக் கிலோமீற்றருக்கு அப்பால் இருப்பதும் நிலவும் ஒரே போகஸில் விழும்.

என்னை உறுத்துவது அதுவல்ல. கோட்டைக்குள் மான்கள் நிற்கும் புல்வெளி, மரத்துக்கு மேலால் நிலவு. ஒற்றைப் புள்ளி ஓட்டோ போகஸை நிலவின் ஓரத்தில் வைத்திருந்தேன், அது நன்றாகவே பிடித்தது. பொத்தானை அமத்துகிற நேரத்தில் ஒரு கலைமான் குறுக்கே வந்து நின்றது. லென்ஸ் நிலவை விட்டுவிட்டுக் கொம்புக்குத் தாவிவிட்டது. கொம்பின் வெல்வெட் மயிர், கண்ணில் விழுந்த விளக்கின் ஒளி, எல்லாம் ஒவ்வொன்றாக எண்ணலாம். பின்னால் நிலவு ஒரு பெரிய வெள்ளைப் பூச்சு. வீட்டில் எல்லோருக்கும் அந்தப் படம்தான் பிடித்திருக்கிறது. எனக்கு அதைப் பார்த்தால் இன்னும் கோபம் வருகிறது, ஏனென்றால் அடுத்த படத்துக்கு நிலவு கிளைக்குள் போய்விட்டது. இரண்டு நிமிடத்தில் தன் அகலத்துக்கு நகர்ந்துவிடும், மானோ அசையாமல் நிற்கிறது.

கையில் போன் மட்டும்:
இவ்வளவு பாடு எதற்கு? நான் டச்சுக்குடாவில் ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டே போனில் எடுத்தேன், பள்ளமெல்லாம் தெரிகிறது. ஒன்று மட்டும் மனதில் நிற்கிறது. முதலில் திரையில் வெறும் வெள்ளை உருண்டைதான் இருந்தது. கை அசைக்காமல் பிடித்தேன், சட்டென்று பள்ளங்கள் வந்து உட்கார்ந்தன. கடல்மேல் மெல்லிய முகில் ஓடிக்கொண்டிருந்தது, என் கண்ணுக்கு அவ்வளவு தெரியவில்லை.

கிண்ணியாப் பாலத்தடி:
அண்ணை, உங்கள் கேள்விக்கு நீங்களே பதில் சொல்லிவிட்டீர்கள். 2023இல் ஒருவர் வேண்டுமென்றே மங்கலாக்கிய நிலவுப் படத்தைக் கணினித் திரையில் காட்டி, இருட்டறையில் தள்ளி நின்று போனில் எடுத்துக் காட்டினாரே, மூலப் படத்தில் இல்லாத பள்ளங்கள் வந்தன. நிலவு எப்போதும் எங்களுக்கு ஒரே முகத்தைத்தான் காட்டுகிறது, போனுக்கு அதைப் பழக்கிவைப்பது லேசு.

கையில் போன் மட்டும்:
வந்த படம் நிலவுதானே, வேறொன்றும் இல்லையே. நீங்களும் கணினியில் கூர்மையைக் கூட்டாமலா போடுகிறீர்கள்?

கோட்டைவாசல்:
கூட்டுகிறோம். ஆனால் இல்லாததைக் கூட்ட முடியாது. முகிலுக்குள் நிலவு மங்கலாக நின்றால் என் படத்திலும் மங்கலாகத்தான் நிற்கும். வட்ஸ்அப்புக்கு உங்கள் படம் தாராளமாகப் போதும்.

உப்புவெளிப் பெடியன்:
இவர்கள் சண்டை பிடிக்கட்டும். அங்கிள் சொன்னதைப் படித்துவிட்டு அன்று எடுத்தவற்றின் நேரத்தைப் போய்ப் பார்த்தேன். எழும்பின உடனே எடுத்தவற்றில்தான் மங்கல் கூட. அந்த ஒற்றைப் படமும் அதற்குள்தான் கிடக்கிறது, அதுதான் விளங்கவில்லை என்று கேட்டது, இப்போது விளங்குகிறது. கடைசியில், வீட்டுக்குக் கிளம்ப முன்னம், நல்ல உயரத்தில் நின்றபோது எடுத்தவையும் இருந்தன, அவற்றை நான் திறந்துகூடப் பார்க்கவில்லை. அநேகமானவை தெளிவு. சிவப்பு நிறம் இல்லை என்பதால் ஒதுக்கி வைத்திருந்தேன்.

அங்கிள், ஒரு கேள்வி. லென்ஸை மேலே நிமிர்த்தினால் 250இல் வைத்தது தானாக வழுகி இறங்குகிறது. டேப் ஒட்டலாமா?

சீனக்குடா அங்கிள்:
ஒட்டலாம். ஆனால் வயருக்குச் சுற்றும் டேப் வேண்டாம், எங்கள் ஊர்ச் சூட்டுக்குப் பசை இளகி வளையத்தில் ஒட்டிக்கொள்ளும். பெயின்ற் அடிக்கிறவர்கள் ஓரத்துக்கு ஒட்டும் கடதாசி டேப் வாங்கும். போகஸ் பிடித்த பிறகுதான் ஒட்ட வேண்டும், ஒட்டினதும் பெருப்பித்து இன்னொரு தடவை பாரும். கச்சான் காற்றுக் காலமென்றால் ட்ரைபொடின் நடுத்தண்டை உயர்த்தாமல் அதில் பையைத் தொங்கவிடும், பை நிலத்தில் முட்டிக்கொண்டு இருக்கட்டும், இல்லாவிட்டால் பையே ஊஞ்சலாடும். தொலைநோக்கி பற்றி இன்னும் ஒருவரும் கேட்கவில்லை.