புதுப்பிப்பு: இரவு 2 மணி விழிப்பு ஒருவழியாக முடிந்தது

குடும்பத்தோடு வெளிநாடு போய்விட்டு வந்து மூன்று நாளாகியும் குழந்தைகள் இருவரும் இரவு 2 மணிக்குக் கொட்டக் கொட்ட விழித்திருக்கிறார்கள் என்று புலம்பியிருந்தேன் இல்லையா, இன்றோடு பத்து நாள், நேற்று இரண்டு பேரும் 9 மணிக்கே தூங்கிவிட்டார்கள்.

"குழந்தைகளைக் காலை வெளிச்சத்தில் நிறுத்துங்கள்" என்றுதான் பலர் சொன்னீர்கள். சரிதான், ஆனால் நான் அதை ஆர்வக்கோளாறில் காலை 6 மணிக்கே ஆரம்பித்தது தப்பு. நாங்கள் கிழக்கு நோக்கி 6 மணி நேரம் தாண்டி வந்தவர்கள், அப்போது அவர்கள் உடம்புக்கு நள்ளிரவு 12. அந்த நேரத்தில் கண்ணில் படும் வெளிச்சம் உடல் கடிகாரத்தை முன்னால் நகர்த்தாமல் இன்னும் பின்னுக்கு இழுக்குமாம். அப்புறம் 10 மணிக்கு மேல் வெளியே அழைத்துப்போய், ஒவ்வொரு நாளும் கொஞ்சம் முன்னதாக மாற்றினோம். ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம்தான் உடம்பு நகரும், அதற்குமேல் நாம் கத்திப் பிரயோஜனமில்லை. பகல் தூக்கத்தை அரை மணியில் எழுப்பிவிட்டதும் உதவியது (எழுப்பியதற்கு நான் வாங்கிய உதை தனிக்கதை).

அலுவலகம் பரவாயில்லை, மதியம் 3 மணிக்குக் கண் சொக்குவது மட்டும் மிச்சம்.

பெட்டிகளைப் பிரித்தாயிற்றா என்று கேட்டவர்களுக்கு: இரண்டு பிரித்தாயிற்று. மூன்றாவது இன்னும் கூடத்தில்தான், விமான நிலையத்தில் ஒட்டிய அடையாளச் சீட்டோடு. சின்னவன் அதன்மேல் உட்கார்ந்துதான் ஷூ மாட்டுகிறான். தொலைந்ததாக நினைத்த என் சார்ஜர் அதற்குள் இருக்கலாம்.