புதுப்பிப்பு: அம்மாவின்ர அரிப்பும் வெள்ளைத் தோலும், காரணம் தெரிஞ்சிட்டுது

பதில் எழுதின எல்லாருக்கும் நன்றி. புதுசா வாசிக்கிறவைக்கு: பங்கசுக்குக் குடுத்த கிறீம் பூசியும் அம்மாவுக்குப் பெண்ணுறுப்பின் வெளிப்பக்கம் இரவில அரிப்பு நிக்கேல்லை, தோலும் வெளிறி மெல்லிசாகுது எண்டு கேட்டிருந்தன்.

"தோல் வைத்திய நிபுணரிட்டக் காட்டுங்கோ, தைரொயிட்டும் பாருங்கோ" எண்டு எழுதின அக்கா சொன்னதுதான் சரி. யாழ்ப்பாணத்தில கிளினிக்கில காட்டினம். லைக்கன் ஸ்க்லெரோசஸ் எண்டு சொன்னார் டொக்டர்; தோல் வெளிறி மெல்லிசாகி அரிக்கிற, நீண்டகாலம் இருக்கிற ஒரு தோல் நோய்.

மாதவிடாய் நிண்ட பெண்களுக்குத்தான் இது கூட; பருவமடையாத பிள்ளையளுக்கும் வரும். உடம்பின்ர எதிர்ப்புச் சக்தி சொந்தத் தோலையே தாக்கிறதோட தொடர்பு இருக்கு. அதால தைரொயிட் நோய், வெண்புள்ளி உள்ளவைக்கும், குடும்பத்தில ஆருக்கும் இது இருந்தவைக்கும் வாய்ப்புக் கூட. உரசலும் சிறுநீர் ஈரமும் ஏற்கெனவே இருக்கிற நோயைக் கிளறிவிடும். இது தொற்றாது, சுத்தக்குறைவாலயும் வாறேல்லை. அம்மா இதைக் கேட்டபிறகுதான் நிம்மதியா மூச்சுவிட்டா.

நாங்கள் எதிர்பாராதது, இரத்தத்தில தைரொயிட் குறைவு எண்டு வந்தது. அதுக்கும் குளிசை தொடங்கியாச்சு.

மருந்து குளோபெட்டசோல் 0.05% எண்ட வலுவான ஸ்டீரொயிட் களிம்பு. முதல் மாதம் ஒவ்வொரு இரவும், இரண்டாம் மாதம் ஒருநாள் விட்டு ஒருநாள், மூண்டாம் மாதம் கிழமைக்கு இரண்டு தரம். பெட்டிக்குள்ள இருக்கிற தாளில இந்த இடத்துக்குப் பூசக் கூடாது எண்டு கிடக்கலாம். அதைப் பாத்துப் பயந்து விடாதேங்கோ, டொக்டர் சொன்னபடி பூசுங்கோ. அரிப்பு நல்லாக் குறைஞ்சிட்டுது, வெள்ளை நிறம் இன்னும் கொஞ்சம் இருக்கு. சவர்க்காரத்தை அந்த இடத்துக்கு நிப்பாட்டியாச்சு.

சிலருக்கு, 5 வீதத்துக்கும் குறைவா, புற்றுநோயா மாறலாமாம். ஆறாத புண்ணோ கட்டியோ கண்டால் உடனே காட்டோணும்.