டிஆர்எக்ஸ்: தமிழில் என்ன? திங்கள் அச்சுக்குப் போகிறது

தண்டையார்பேட்டை ஆசிரியை:
வணக்கம். பாலிடெக்னிக் ஆய்வகக் கையேட்டில் 'டிஸ்கன்டினியுவஸ் ரிசப்ஷன்' (டிஆர்எக்ஸ்) ஒன்றுக்குத்தான் சொல் அமையவில்லை. கைபேசி சும்மா கிடக்கும்போது ரேடியோவை அணைத்துவிட்டு, 1.28 நொடிக்கு ஒருமுறை விழித்து, தனக்கு பேஜிங் (அழைப்போ செய்தியோ இருக்கிறது என்று டவர் தரும் அறிவிப்பு) வந்திருக்கிறதா என்று பார்க்கும் ஏற்பாடு. பழைய பதிப்பில் 'தொடர்பிலா ஏற்பு'. படித்த பிள்ளைகள் சிக்னலே இல்லை என்று எடுத்துக்கொள்கிறார்கள்.

ராயபுரம்:
அம்மா, 'அறிதுயில்' இருக்கக் கவலை ஏன்? வினைத்தொகை. பாற்கடலில் பள்ளிகொண்டவன் உறங்குவதுபோல் கிடப்பான், கூப்பிட்டால் கேட்கும். 'தூங்குநிலை' மட்டும் வேண்டாம். தூங்குதல் என்றால் தொங்குதலும்தான், தூங்கணாங்குருவியைப் பாருங்கள். போன் ஹேங் ஆனதற்கு வேண்டுமானால் அது பொருந்தும்! துஞ்சலும் ஆகாது, அது சாவையும் குறிக்கும். சோழன் குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவன் எழுந்து பேஜிங் பார்க்கவில்லை.

பெரம்பூர்:
> கூப்பிட்டால் கேட்கும்
கேட்காது ஐயா. விழிப்பு சில மில்லிநொடிதான், மீதி நேரம் செவிடு. அதன் முறை வரும்வரை டவர்தான் பேஜிங்கைப் பிடித்துவைத்திருந்து அனுப்புகிறது. சுழற்சியை 2.56 நொடியாக்கினால், மணிக்குச் சுமார் 2,800 முறை விழிப்பது 1,400 ஆகக் குறையும். பேட்டரி மிஞ்சும், ரிங் போவதுதான் தாமதமாகும். இன்னொன்று: கைபேசித் தரநிலைகளை வகுக்கும் 3ஜிபிபியின் 18ஆம் வெளியீட்டில் டவரும் விட்டுவிட்டு அனுப்பலாம், விட்டுவிட்டு வாங்கலாம். வாங்குவது அறிதுயில் என்றால் அனுப்புவது என்ன துயில்? 'விட்டுவாங்கல், விட்டனுப்பல்' என்றால் ஜோடி சேரும்.

வியாசர்பாடி:
'வாங்கல்' என்றால் எங்க ஏரியா பசங்க அடி வாங்குவதைத்தான் நினைப்பார்கள். புணர்ச்சி சரிதான், ஆனால் 'விட்டனுப்பல்' ஸ்டேஷனிலிருந்து எச்சரித்து அனுப்பியதுபோல் இருக்கிறது. கோழித்தூக்கம் என்று போடுங்கள், விளக்கமே வேண்டாம்.

ராயபுரம்:
கோழித்தூக்கம் தேர்வுத்தாளில் வருமா?

எண்ணூர்:
எந்தச் சொல்லானாலும் டிஆர்எக்ஸையும் பிஎஸ்எம்மையும் (பவர் சேவிங் மோட்) 'உறக்கம்' என்ற ஒரே பானையில் போடாதீர்கள். பிஎஸ்எம்மில் நெட்வொர்க்கில் பதிவு இருக்கும், ஆனால் கருவி பேஜிங் பக்கமே திரும்பாது. பதிவைப் புதுப்பிக்கும் டைமரான டி3412 முடிந்தோ, தானே எதையாவது அனுப்பவோ எழுந்தால்தான் உண்டு. அதன்பின், விழித்திருக்கும் நேரத்தை அளக்கும் டைமரான டி3324 ஓடி முடிவதற்குள் கட்டளை போய்ச்சேர வேண்டும். தண்ணீர் மீட்டருக்கு 'வால்வை மூடு' என்று அனுப்பிவிட்டு, மூடவில்லையே, மீட்டர் பழுது என்று கழற்றி எடுத்துவருவது இந்தக் குழப்பத்தில்தான். மீட்டர் நன்றாகத்தான் இருக்கும். அடுத்த விழிப்பு நாளைக் காலை, அவ்வளவுதான். டிஆர்எக்ஸ் அறிதுயில், பிஎஸ்எம் ஆழ்துயில். என் ஓட்டு இதற்கு.

பெரம்பூர்:
டவர் பக்கம் இன்னும் அந்தரத்தில் நிற்கிறது. மின்சாரத்தைப் பெரும்பாலும் தின்பது பவர் ஆம்ப்ளிஃபயர். எல்டிஇ (4ஜி) டவர் ஆளில்லாத நடுராத்திரியிலும் அநேகமாக ஒவ்வொரு மில்லிநொடியும் குறிப்பலை அனுப்பியாக வேண்டும், ஆம்ப்ளிஃபயரை அணைக்க இடமில்லை. 5ஜியில் 20 மில்லிநொடிக்கு ஒருமுறை, கைபேசி டவரைக் கண்டுபிடிக்க உதவும் ஒத்திசைவுத் தொகுதியை அனுப்பினால் போதும், இடையில் அணைக்கலாம். அந்த அணைப்புக்குப் பெயர் சொல்லுங்கள்.

தண்டையார்பேட்டை ஆசிரியை:
நேரமில்லை. அறிதுயிலுக்கு மூன்று பேர் என்று கணக்கு வைக்கிறேன், என்னையும் சேர்த்து. பிஎஸ்எம் ஆழ்துயில். டவருக்கு 'விட்டுவிட்டு அனுப்பல்' என்று பிரித்தே எழுதுகிறேன். கோழித்தூக்கம் அடைப்புக்குறிக்குள் வரும்.

பெரம்பூர்:
மறுப்பைப் பதிவுசெய்கிறேன். அனுப்பல் விட்டுவிட்டு, பெறல் மட்டும் பாற்கடலிலா? சொல்லடைவில் 'விட்டுவிட்டுப் பெறல், காண்க: அறிதுயில்' என்று ஒரு வரியாவது போடுங்கள் அம்மா.