கவிஞரின் தன்குறிப்பில் ‘நெடும்பட்டியல்’ என்று எழுதலாமா?

சாட்ஸ்வொர்த் வாசகி:

அனைவருக்கும் வணக்கம். தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரை அடுத்த சாட்ஸ்வொர்த்தில் பிறந்து வளர்ந்த நான் பதினெட்டு ஆண்டுகளாகத் தமிழிலும் ஆங்கிலத்திலும் கவிதை எழுதி வருகிறேன். பிழைப்புக்கு ஒரு மருந்துக் கடையில் கணக்கு எழுதுகிறேன். அடுத்த மாதம் நடக்கவிருக்கும் ஒரு வாசிப்பு நிகழ்ச்சிக்காக என்னைப் பற்றிய சிறு குறிப்பும், வெளியீடுகள், வாசிப்புகள், விருதுகள் என்ற மூன்று தலைப்புகளில் ஒரு பட்டியலும் கேட்டிருக்கிறார்கள். முதல் இரண்டையும் ஒருவாறு எழுதி முடித்தேன். மூன்றாவது தலைப்பின் கீழ் எழுத என்னிடம் விருது எதுவும் இல்லை. விருதின் வாசல்வரை போய்த் திரும்பிய கதைகள்தாம் இருக்கின்றன.

எழுத்தாளர் சால் பிளாட்ஜே பெயரிலான ஐரோப்பிய ஒன்றியக் கவிதைப் பரிசுக்கு, ஒப்பந்தக் கூலிகளின் கப்பல் பதிவேட்டில் ஓர் எண்ணாக மட்டும் எஞ்சியிருக்கும் என் பாட்டியின் பாட்டியைப் பற்றிய கவிதையை அனுப்பினேன். தமிழில் எழுதிய அதை நானே ஆங்கிலமாக்கித்தான் அனுப்ப முடிந்தது. அது நெடும்பட்டியலில், அதாவது நடுவர்கள் முதலில் தேர்ந்தெடுக்கும் நீண்ட பட்டியலில் வந்து, அந்த ஆண்டின் தொகைநூலில் அச்சாயிற்று. பிறகு, ஒரு சிறு பதிப்பகம் நடத்திய கையெழுத்துப் படிப் போட்டியில் கடைசி ஐந்து பேரில் நானும் இருந்ததாக ஆசிரியர் தனிக் கடிதத்தில் எழுதினார். அந்தப் பட்டியலை அவர்கள் வெளியிடவில்லை. மூன்றாவதாக, சென்னையில் அச்சான என் தமிழ்த் தொகுப்பு ஒரு விருதுக்குப் ‘பரிந்துரைக்கப்பட்டது’ என்று பதிப்பாளர் சொன்னார். அச்சுச் செலவில் பாதியை ஏற்றுக்கொண்டவள் என்ற முறையில் நானும் மகிழ்ந்தேன். பின்னர்தான் அவர் அந்த ஆண்டு வெளியிட்ட எல்லா நூல்களையும் அனுப்பியிருக்கிறார் என்று தெரிந்தது.

இவற்றில் எதை எழுதுவது நேர்மை, எதை எழுதுவது தற்பெருமை? சிறுவயதில் தமிழ் ஐஸ்டெட்ஃபாட் என்ற கலைப் போட்டியில் மூன்று முறை இரண்டாம் பரிசு வாங்கியதையும் சேர்க்கச் சொல்லி என் தம்பி கேலி செய்கிறான்.

பழைய நூலகர், பீட்டர்மாரிட்ஸ்பர்க்:

வணக்கம் அம்மா. நூலகத்தில் முப்பது ஆண்டுகள் பட்டியல் எழுதியே காலம் கழித்தவன் என்பதால் என் பதில் பட்டியல்காரனின் பதிலாகவே இருக்கும்.

பிளாட்ஜே நெடும்பட்டியலை விருதுகள் தலைப்பிலிருந்து எடுத்து வெளியீடுகள் தலைப்பில் வையுங்கள். 2011இல் தொடங்கிய அந்தப் பரிசில் பணம் முதல் மூன்று கவிதைகளுக்குத்தான் என்றாலும், நெடும்பட்டியலுக்கு வந்தவை தொகைநூலாக அச்சாகின்றன. பெயர் மறைத்து வாசித்த நடுவர்கள் தேர்ந்தெடுத்த கவிதை, பக்க எண்ணோடு ஒரு நூலில் இருக்கிறது. அதைக் ‘கிடைக்காமற்போன பரிசு’ என்று நீங்களே ஏன் குறைத்துச் சொல்ல வேண்டும்? நூலின் பெயர், ஆண்டு, பக்கம் ஆகியவற்றை எழுதி, அடைப்புக்குறிக்குள் ‘நெடும்பட்டியல்’ என்று ஒரு சொல் சேர்த்தால் போதும்.

தனிக் கடிதத்தில் வந்த செய்தி வேறு வகை. வெளியிடாத பட்டியலை யாரும் சரிபார்க்க முடியாது. அந்த ஆசிரியரிடம் கேட்டு, அவர் இசைந்தால் எழுதுங்கள். இல்லையென்றால் கடிதத்தைப் பத்திரமாக வைத்துக்கொண்டு, கையெழுத்துப் படியை அடுத்த பதிப்பகத்துக்கு அனுப்பும்போது முகப்புக் கடிதத்தில் ஒரு வரியாகச் சொல்லுங்கள். அதற்கு அங்கேதான் பயன் அதிகம்.

‘பரிந்துரைக்கப்பட்டது’ என்பதை அடித்துவிடுங்கள். பதிப்பாளர் அஞ்சலில் அனுப்பியது பரிந்துரை ஆகாது. தமிழில் இந்தச் சொல் இப்போது மிகவும் மலிந்துவிட்டது. விண்ணப்பித்தவர், குறும்பட்டியலுக்கு வந்தவர், நடுவர் பாராட்டைப் பெற்றவர் எல்லாரும் அந்த ஒரே சொல்லுக்குள் ஒதுங்குகிறார்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்கிறேன். ‘வெளியீடுகள்’ தலைப்பில் ஆங்கிலச் சிறுநூல் எதுவும் உண்டா? டர்பனிலேயே நீங்களே அச்சிட்டிருந்தால் சட்டப்படி நீங்கள்தான் பதிப்பாளர். 1997ஆம் ஆண்டின் 54ஆம் எண் சட்டம் சொல்லும் வைப்பு நூலகங்களுக்கு, அதாவது நாட்டில் வெளியாகும் நூல்களைச் சேர்த்துவைக்கும் நூலகங்களுக்குப் படிகள் அனுப்பியாக வேண்டும். எங்கள் ஊர் ம்சுண்டுசி நகராட்சி நூலகம் அவற்றில் ஒன்று. நூலின் அடையாள எண்ணான ஐஎஸ்பிஎன்னைத் தேசிய நூலகம் கட்டணமின்றித் தருகிறது. 1903இல் டர்பனில் தொடங்கிய ‘இந்தியன் ஒப்பீனியன்’ இதழ் தமிழ்ப் பக்கங்களோடு வந்தது, பி. எஸ். ஐயர் 1908 முதல் ‘ஆப்பிரிக்கன் கிரானிகிள்’ நடத்தினார். இந்த ஊரில் ஈயத்தில் தமிழ் எழுத்துக் கோத்தவர்கள் பலரின் பெயர்கூட இன்று நமக்குத் தெரியவில்லை. பிரதி இருந்தால்தானே பெயர் இருக்கும்?

லெனேசியா மொழிபெயர்ப்பாளர்:

நூலகர் ஐயா சொன்னதில் பெரும்பகுதியை ஏற்கிறேன். ஆனால் விருதுகள் தலைப்பை வெறுமையாக விடச் சொல்வதில் எனக்கு உடன்பாடு இல்லை. நிகழ்ச்சி நடத்துபவர்கள் முதலில் பார்ப்பது அந்தப் பகுதியைத்தான். ஆங்கிலத்தில் எழுதும் நம் நாட்டுக் கவிஞர்கள் குறும்பட்டியல், நெடும்பட்டியல் இரண்டையும் கூச்சமின்றி எழுதுகிறார்கள். அடக்கம் நல்லதுதான், ஆனால் அதன் விலையை நம் பெண்களே அதிகம் கொடுத்திருக்கிறார்கள்.

எனக்கு இதைவிட முக்கியமாகத் தோன்றுவது மொழி. பிளாட்ஜே பரிசு தென்னாப்பிரிக்காவின் அதிகாரபூர்வ மொழிகளில் எழுதிய கவிதைகளுக்கானது. நம் அரசியலமைப்பின் 6ஆம் பிரிவு குஜராத்தி, இந்தி, தெலுங்கு, உருது ஆகியவற்றோடு தமிழையும் பெயர் சொல்லி, மதிப்பும் வளர்ச்சியும் பெற வேண்டிய மொழி என்கிறது. அதிகாரபூர்வ மொழிகளின் வரிசையிலோ தமிழ் இல்லை. ஷேக்ஸ்பியரை செட்ஸ்வானா மொழியில் மொழிபெயர்த்த ஒருவரின் பெயரால் வழங்கும் பரிசுக்கு நீங்கள் மொழிபெயர்ப்பாகவே நுழைய நேர்ந்தது ஒரு விந்தை. ஆகவே அந்த வரியில் ‘தமிழ் மூலத்திலிருந்து கவிஞரே மொழிபெயர்த்தது’ என்பதைக் கட்டாயம் எழுதுங்கள். 1994 மே 24 அன்று நாடாளுமன்றத்தில் மண்டேலா வாசித்த இங்கிரிட் யோங்கரின் கவிதை ஆப்பிரிகான்ஸ் மொழிக் கவிதை. அவர் வாசித்தது ஆங்கில வடிவம். மூலமொழி எது என்பதை அன்று உலகம் மறக்கவில்லை, ஏனென்றால் அதைச் சொல்ல ஆளிருந்தது. தமிழுக்கு நாம் சொன்னால்தான் உண்டு.

யோங்கர் பெயரிலான பரிசு கவிஞரின் முதல் தொகுப்புக்கு மட்டுமே உரியது, ஆங்கிலத்துக்கும் ஆப்பிரிகான்ஸுக்கும் தரப்படுவது. ஆங்கிலத்தில் முழுத் தொகுப்பு கொண்டுவரும்போது அவசரப்பட்டு எங்கோ கொடுத்துவிடாதீர்கள். முதல் தொகுப்பு ஒருமுறைதான் வரும்.

ரோஸ் ஹில் வாசகர், மொரிஷியஸ்:

எங்கள் ஊர் நகராட்சி, கவிஞர் ழான் ஃபான்ஷெத் பெயரில் இலக்கியப் பரிசு தருகிறது. நோபெல் பரிசு பெற்ற எழுத்தாளர் லெ கிளேசியோ நடுவர் குழுவுக்குத் தலைமை தாங்கியிருக்கிறார் என்பதால் அதற்கு மதிப்பு அதிகம். தமிழில் எழுதியதை அங்கே அனுப்ப வழியில்லை. எங்கள் ரூபாய் நோட்டில் தமிழ் இருக்கிறது. 1998இல் அதன் இடத்தை மாற்றி அச்சிட்டபோது எழுந்த எதிர்ப்பில் அந்த நோட்டுகளையே திரும்பப் பெற்றார்கள். பரிசு விண்ணப்பத்தில் தமிழ் இல்லாததற்கு யாரும் தெருவில் இறங்கியதாக எனக்கு நினைவில்லை. சிங்கப்பூரில் தமிழ் ஆட்சிமொழி என்பதால் அங்குள்ள இலக்கியப் பரிசில் தமிழ்க் கவிதைக்குத் தனிப் பிரிவு இருக்கிறது. சாகித்திய அகாதெமி விருது இந்தியக் குடிமக்களுக்கே உரியது. நம்மைப் போன்றவர்களுக்குத் திறந்திருக்கும் கதவு, டொராண்டோவிலிருந்து 2001 முதல் இயங்கும் தமிழ் இலக்கியத் தோட்டம். எந்த நாட்டுத் தமிழ் எழுத்தாளரையும் அவர்கள் கருத்தில் கொள்கிறார்கள்.

பீனிக்ஸ் தமிழ் ஆசிரியை:

தங்கச்சி, நீங்கள் ‘ஒருவாறு எழுதி முடித்தேன்’ என்று கடந்துபோன வாசிப்புகள் தலைப்பைப் பற்றி ஒரு சொல். 1997 முதல் டர்பனில் நடக்கும் ‘பொயட்ரி ஆப்பிரிக்கா’ போன்ற விழாக்களை மட்டும் எழுதிவிட்டுக் கோயில் மண்டபங்களை விட்டுவிட்டீர்கள் என்று ஊகிக்கிறேன், ஏனென்றால் எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள். இரண்டு ஆண்டுகளுக்கு முன் புரட்டாசியில் எங்கள் பள்ளி விழாவில் நீங்கள் அந்தக் கப்பல் கவிதையை வாசித்தபோது நான் கடைசி வரிசையில் இருந்தேன். சுமார் எண்பது பேர் இருந்தார்கள். அவர்களில் தமிழ் எழுத்தைப் படிக்கத் தெரிந்தவர்கள் பத்துப் பேர் இருந்தால் அதிகம். தேவாரத்தையும் காவடிப் பாட்டையும் ஆங்கில எழுத்தில் எழுதிவைத்துப் பாடிப் பழகியவர்களுக்கு, பண் இல்லாத, சாமி பெயர் வராத தமிழ் காதில் விழுவதே புதிது. ‘இதுக்கு ராகம் இல்லையா?’ என்று ஓர் ஆயா பக்கத்தில் இருந்தவரைக் கேட்டார். பிறகு நீங்கள் வட ஆற்காட்டு ஊர்ப் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொன்னபோது அவரே தம் ஊர்ப் பெயரை உரக்கச் சொன்னார். நீங்கள் நிறுத்தி, அதையும் சேர்த்துக்கொண்டு வாசித்தீர்கள். விழா மேடையில் கிடைக்கும் பதினைந்து நிமிடத்தில் அது நடக்காது.

நாள், இடம், எந்த மொழியில் வாசித்தீர்கள், எத்தனை பேர் இருந்தார்கள் என்று ஒரு குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். ஐஸ்டெட்ஃபாட் இரண்டாம் பரிசுகள் வேண்டாம். ஆனால் உங்கள் கவிதையை இப்போது பிள்ளைகள் அதே போட்டியில் ஒப்பிக்கிறார்கள் என்றால் அதை எழுதுங்கள். என் வகுப்பில் இருவர் மனப்பாடம் செய்கிறார்கள்.

சாட்ஸ்வொர்த் வாசகி:

எல்லாருக்கும் நன்றி. பட்டியலைத் திருத்திவிட்டேன். கப்பல் கவிதை, தமிழ் மூலம் என்ற குறிப்போடு வெளியீடுகளில் முதல் வரியாக நிற்கிறது. லெனேசியாக்காரரின் வாதத்துக்காக ‘விருதுகள்’ என்ற தலைப்பை ‘விருதுகளும் தேர்வுகளும்’ என்று மாற்றி, அங்கே நெடும்பட்டியலை மட்டும் ஆண்டோடு மறுபடி குறித்தேன். பரிந்துரை போயிற்று, அடித்தபோது கொஞ்சம் வலித்தது என்பதை மறைக்கவில்லை. போட்டி நடத்திய ஆசிரியருக்கு எழுதிக் கேட்டிருக்கிறேன், பதில் வரவில்லை. கோயில் மண்டபங்களையும் பள்ளிக்கூடங்களையும் எண்ணிப் பார்த்தபோது இருபத்து மூன்று வாசிப்புகள் தேறின. நாள் நினைவிருக்கும் பதினான்கை மட்டும் எழுதினேன். அக்கா, அந்தப் பிள்ளைகள் ஒப்பிக்கும்போது நான் வந்து கேட்கலாமா?

நூலகர் ஐயா, 2019இல் நானே அச்சிட்ட ஆங்கிலச் சிறுநூல் ஒன்று உண்டு. நூற்றைம்பது படிகளில் இன்னும் பன்னிரண்டு கட்டிலுக்கடியில் இருக்கின்றன. ம்சுண்டுசிக்கு உரியதை வெள்ளிக்கிழமை நேரிலேயே கொண்டுவரலாம் என்று இருக்கிறேன். அங்கே எந்தப் பிரிவில் கொடுக்க வேண்டும்?

பழைய நூலகர், பீட்டர்மாரிட்ஸ்பர்க்:

வைப்பு நூல் பிரிவு என்று வாசலில் கேளுங்கள், காட்டுவார்கள். ஒப்புகைச் சீட்டு வாங்காமல் திரும்பாதீர்கள். தமிழ்த் தொகுப்பிலும் ஒன்று எடுத்து வாருங்கள்; அதைச் சட்டம் கேட்கவில்லை, நான் கேட்கிறேன்.