‘அலோஸ்ராற்றிக் லோட்’: நெருக்கீட்டுச் சுமை எனலாமா?

அன்பர்களுக்கு வணக்கம். ஓயாத நெருக்கீட்டால் (stress) உடலில் சேரும் பாதிப்பை ஆங்கிலத்தில் ‘அலோஸ்ராற்றிக் லோட்’ (allostatic load) என்பார்கள். கிளினிக்குக்கு வருவோருக்கான துண்டுப்பிரசுரத்தில் அதைத் தமிழில் எப்படிச் சொல்லலாம் என்று தேடுகிறேன். ஒருவர் இப்படிக் கேட்டிருந்தார்:

> ‘மன அழுத்தச் சுமை’ என்றே போடலாமே, எல்லோருக்கும் விளங்கும்.

பிழையாக விளங்கிவிடுமோ என்பதுதான் என் பயம். யாழ்ப்பாணத்தில் வருத்தம் என்றால் நோய். மாதவிடாய் பிந்துகிறது என்று கிளினிக்குக்கு வரும் பெண்ணிடம் ‘மனம்’ என்று தொடங்கினாலே, “எனக்கு மனவருத்தம் ஒண்டும் இல்லை” என்று முகம் மாறிவிடும். அவரிடமே “யோசினை கூடவோ?” என்று கேளுங்கள். கடன், வெளிநாட்டுக்குப் போன பிள்ளை, நித்திரை வராத இரவுகள் எல்லாம் தானாக வெளியே வரும்.

அதோடு, இந்தச் சுமையில் மனம் ஒரு பங்குதான். நித்திரைக் குறைவு, பட்டினி, நாட்பட்ட தொற்று, இராவேலை எல்லாமே இதைக் கூட்டும். மூளையிலுள்ள பரிவகக்கீழ் (hypothalamus) கபச்சுரப்பியைத் (pituitary) தூண்ட, அது சிறுநீரகத்தின் மேலுள்ள அதிரினல் சுரப்பியைத் தூண்ட, கோட்டிசோல் என்ற நெருக்கீட்டு ஓமோன் சுரக்கிறது. வழமையில் அது காலையில் உச்சத்துக்கு ஏறி இரவில் இறங்கும். நெருக்கீடு மாதக்கணக்கில் நீண்டால் இந்த ஏற்ற இறக்கம் மழுங்கிப்போகலாம். இனப்பெருக்க ஓமோன்களுக்காகப் பரிவகக்கீழ் கொடுக்கும் தூண்டலும் குறையும். மாதவிடாய் பிந்துவதற்கும் சிலவேளை நின்றுபோவதற்கும் அது ஒரு காரணம். இன்சுலின் சரிவர வேலை செய்யாமல் குருதியில் சீனியும் கூடலாம்.

1988இல் ஸ்ரேர்லிங், அயர் என்ற ஆய்வாளர்கள் இருவரும் ‘அலோஸ்ராசிஸ்’ என்ற சொல்லைக் கொண்டுவந்தார்கள்: மாறிக் கொடுத்தே உடல் நிலைத்திருப்பது. அந்த மாற்றம் ஓயாமல் நடப்பதால் உடலில் சேரும் பாதிப்பைத்தான் 1993இல் மக்யூவனும் ஸ்ரெல்லரும் ‘லோட்’ என்றார்கள். எங்கள் உயிரியல் பாடநூலில் ஹோமியோஸ்ராசிஸ், அதாவது உடலின் உள்நிலை மாறாமல் இருப்பது, ஏற்கெனவே ‘ஒருசீர்த்திடநிலை’. அதன் பக்கத்தில் ‘மாறுசீர்த்திடநிலை’யை வைத்தால் உயர்தர மாணவருக்கு இரண்டின் உறவும் உடனே பிடிபடும். பாடநூலுக்கு அது சரி. ஆனால் ‘மாறுசீர்த்திடநிலைச் சுமை’ என்று ஒரு மருத்துவமாது வீட்டுப் படலையில் நின்று சொல்வாரா?

stress என்பதற்கு உள்ள இன்னொரு சொல்லான ‘தகைப்பு’ பௌதிகத்தில் கம்பிக்கும் விவசாயத்தில் பயிருக்கும் பொருந்துகிறது, மனிதருக்கு ஒட்டவில்லை. ‘தேய்மானம்’ என்று இன்னொருவர் எழுதியிருந்தார். கருத்து நெருக்கம்தான், ஆனால் தேய்ந்த செருப்பு திரும்ப வளராது. இங்கே நித்திரையும் சாப்பாடும் சீரானால், கடன் நெருக்கம் தளர்ந்தால், பலருக்கு மாதவிடாய் திரும்ப ஒழுங்குக்கு வருகிறது. அந்த நம்பிக்கையைச் சொல்லே பறித்துவிடக் கூடாது. சுமை என்றால் இறக்கி வைக்கலாம்.

‘நெருக்கீடு’ இங்கே உளநலத் துறையில் புழங்கும் சொல். போர், இடப்பெயர்வு, கடன் என்று வெளியிலிருந்து நெருக்கும் எல்லாவற்றையும் அது தாங்கும். துண்டுப்பிரசுரத்தில் நான் நினைக்கும் வசனம்: “உங்களுக்கு நெருக்கீட்டுச் சுமை கூடியிருக்கலாம். தைரொயிட்டையும் சீனியையும் சோதித்துப் பார்ப்போம், நித்திரையையும் சீராக்குவோம்.” சோதனையை விடவே கூடாது, எல்லாவற்றையும் நெருக்கீட்டின் தலையில் கட்டினால் உண்மையான தைரொயிட் நோய் தவறிப்போகும்.

தமிழ்நாட்டு அன்பர்களே, உங்கள் காதுக்கு ‘நெருக்கீடு’ எப்படிப் படுகிறது? ‘நெருக்கடி’ என்று வாசித்துவிடுவீர்களா? அப்படியென்றால் பிரசுரம் அச்சுக்குப் போவதற்கு முன் சொல்லுங்கள்.